படித்தது ஒன்று, நடத்தப்போவது வேறு: ஆசிரியர் வேலை கேள்வி-பதில்

பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடிச்சு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளும் பாஸ் பண்ணிட்டனுங்க. பக்கத்துல ஒரு மெட்ரிக் பள்ளியில கணக்கு டீச்சர் இடம்தான் காலியா இருக்குது. போடலாமுங்களா? அரசுப் பள்ளிக் கணக்கு இடத்துக்கும் போட முடியுமுங்களா?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

மெட்ரிக் பள்ளிக்குத் தாராளமாகப் போடுங்கள். அரசுப் பணியிடத்துக்கு முடியாது.

டெட் இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மிச்சம் 60 கணிதமும் அறிவியலும். ‘கணக்கும் எழுதித்தானே தேறினோம்’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தத் தாள் 6 முதல் 8 வரை நடத்தத் தகுதி தருகிறதே தவிர, உங்கள் பாடத்தை மாற்றித் தருவதில்லை. பட்டதாரி ஆசிரியர் இடம் பட்டத்தின் முதன்மைப் பாடத்தைப் பார்த்தே நிரப்பப்படுகிறது. டெட் தேறியவர்களுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு வேண்டும் என்று 2018-ல் அரசாணை 149 வந்தது. அப்படி முதல் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். அங்கே நீங்கள் எழுத வேண்டியது இயற்பியல். கணிதம் என்று குறித்துவிட்டால் தேர்வறை வரைக்கும் யாரும் தடுக்காமல் போகலாம். சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் நீங்கும். ஒரு வருட உழைப்பு அங்கே போய்விடும்.

இனி மெட்ரிக் பள்ளி. விண்ணப்பத்தில் ‘பி.எஸ்சி. இயற்பியல்’ என்று மட்டும் இருந்தால் அது முதல்வர் மேசையிலேயே ஒதுங்கிவிடும். துணைப்பாடமாகக் கணிதம் படித்திருந்தால் எத்தனை தாள், ஒவ்வொன்றிலும் என்ன மதிப்பெண் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தப் பருவ மதிப்பெண் பட்டியலின் நகல் மற்ற நகல்களுக்கு மேலே இருக்கட்டும். எந்த வகுப்பு வரை எடுப்பீர்கள் என்ற எல்லையையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: ‘8 வரை இப்போதே, 10 அடுத்த வருடம்’. எதையும் எடுப்பேன் என்று சொன்னால் ஜூன் மாதம் பிளஸ் டூ புத்தகம் கையில் வந்து சேரும்.

இயற்பியல்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் டெமோ வகுப்பில்தான். சூத்திரத்தை எழுதி, எண்ணைப் போட்டு, விடைக்குத் தாவிவிடுவார்கள். கணக்கு டீச்சரிடம் எதிர்பார்ப்பது நடுவில் இருக்கும் படிகளை. இரண்டு எண்களின் கூட்டலை வர்க்கமாக்கும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பையன்கள் 3-ஐயும் 2-ஐயும் தனித்தனியே வர்க்கமாக்கி 9, 4, ஆக 13 என்று எழுதுவார்கள். போர்டில் 5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் போட்டு, இரண்டு பக்கத்தையும் 3, 2 என்று பிரித்துக் கோடு இழுங்கள். நான்கு கட்டங்கள் வரும்: 9, 6, 6, 4. மொத்தம் 25. அந்த இரண்டு ஆறுகளும் எங்கே தொலைந்தன என்று வகுப்பையே கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் பாடம் தெரியும் என்பதோடு பிள்ளைகள் எங்கே தப்புச் செய்வார்கள் என்பதும் தெரியும் என்று அதில் காட்டிவிடலாம்.

எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். வைத்துக்கொண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு முயலலாமா?
— வாசகி, ராசிபுரம்

அரசுத் தொடக்கப் பள்ளிக்கு இல்லை. ஒன்று முதல் ஐந்து வரைக்கு தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் முதல் தாளும் வேண்டும். அந்த வகுப்புகளுக்கு பி.எட். பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. உங்கள் இடம் 6-ம் வகுப்பிலிருந்து மேலே.

விலங்கியல் படித்தவன். தனியார் பள்ளியில் சேர்ந்தபோது ‘அறிவியல்’ என்றார்கள். இப்போது பத்தாம் வகுப்பு இயற்பியல் பகுதியும் என் தலையில். சமாளிப்பது எப்படி? பின்னால் இந்த அனுபவம் செல்லுமா?
— வாசகர், தாராபுரம்

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 10-ம் வகுப்பு அறிவியல் ஒரே புத்தகம், அதன் முதல் ஆறு அலகும் இயற்பியல். ஆகவே ‘அறிவியல்’ என்று ஒப்புக்கொண்டவர் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். பள்ளி மேல் மட்டும் குறை சொல்ல முடியாது.

உயிரியல்காரர்களைக் காலை வாருவது ஒளியியல் கணக்குதான், அதிலும் குறியீட்டு மரபு. குவிலென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ., பொருள் 30 செ.மீ. தூரத்தில். பொருளின் தூரத்துக்குக் கழித்தல் குறி போட மறந்தால் விடை 7.5 செ.மீ. என்று வரும். பொருள் குவியத்துக்கு வெளியே இருக்கும்போது பிம்பம் குவியத்துக்குள் விழாது. விடையைப் பார்த்ததும் உறுத்த வேண்டும். சரியான விடை 15 செ.மீ. முதலில் கதிர்ப்படம் போட்டு, பிம்பம் எங்கே விழும் என்று பார்த்துவிட்டுக் கணக்குக்குப் போனால் இந்தத் தப்பு வராது. வகுப்புக்கு முந்தின நாள் பயிற்சிக் கணக்குகளைப் பேனாவால் போட்டுப் பாருங்கள். கண்ணால் வாசிப்பது போதாது.

அனுபவச் சான்றில் பாடம், வகுப்பு, சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் இருக்கட்டும். ‘எங்கள் பள்ளியில் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரி அடுத்த நேர்காணலில் உதவாது. பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன பாடம் ஏறியிருக்கிறது என்றும் அலுவலகத்தில் கேளுங்கள். காகிதமும் பதிவும் வேறு வேறாக இருந்தால் பின்னால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று: அசல் சான்றிதழ்களை எந்தப் பள்ளியிலும் விட்டு வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு, சுய கையொப்பமிட்ட நகல் கொடுத்தால் போதும். வாங்கியே தீருவோம் என்றால் பட்டியல் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். நடுவருடம் விலக நேர்ந்தால் தகராறு அந்தச் சான்றிதழ் கவரில்தான் தொடங்கும்.

பி.காம். முடித்தேன். தமிழாசிரியர் ஆக ஆசை. அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் போதுமா?
— வாசகர், அவிநாசி

பட்டதாரி தமிழாசிரியர் இடத்துக்கு இளநிலையிலேயே தமிழ் வேண்டும், எம்.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போட முடியாது. பி.ஏ. தமிழோ பி.லிட்.டோ மூன்று வருடமாகப் படியுங்கள். ஒரே வருடத்தில் கூடுதல் பட்டம் என்று விளம்பரம் வந்தால் தள்ளிப் போங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரலாம், ஆனால் பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை குலையாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு அது சிக்கல் இல்லை. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கிறது, எனவே வேறு படிப்பில் இருந்தாலும் இதைத் தொடங்கலாம். பட்டத்தின் பெயர் வெறும் ‘தமிழ்’ என்று இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், சேரும் முன்பே அதற்கு இணைத்தன்மை அரசாணை (தமிழ்ப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஆணை) உண்டா என்று பாருங்கள். பி.எட். அதற்குப் பிறகு, தமிழ் கற்பித்தலை எடுத்து. முதலில் வணிகவியலில் பி.எட். சேர்ந்துவிட்டால் அந்த இரண்டு வருடம் தமிழாசிரியர் வேலைக்குக் கைகொடுக்காது.