எட்டு போடத் தெரிந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

போன வாரம் என் மகள் ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போடும்போது ஒரே ஒரு முறை காலை ஊன்றிவிட்டாள். ஃபெயில். அவளுக்குப் பின்னால் வந்த பையன் அநாயாசமாக எட்டு போட்டுப் பாஸானான். வெளியே வந்ததும் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் பறந்தான். இந்தத் தேர்வால் யாருக்கு என்ன பயன்? பேசாமல் எடுத்துவிட்டால்தான் என்ன?

ஆர்., தாராபுரம்

அன்புள்ள ஆர்.,

மகளைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். எட்டில் காலை ஊன்றியவர்கள் சங்கத்தில் நானும் ஆயுள் உறுப்பினர்தான்.

எட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்தால் அது தானாக வளையும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தீர்களோ, கால் தரைக்குப் போய்விடும். சந்தைக் கூட்டத்தில் ஓட்ட உதவுகிற வித்தைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நடைவேகத்தில் யார் சாகிறார்கள்? 2022-ல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க எடுத்தாலும் சாவுகளுக்கு அதிகம் பதிவாகும் காரணம் அதிவேகம். நின்றிருக்கும் பஸ்ஸின் மறைவிலிருந்து ஒருவர் குறுக்கே வரக்கூடும் என்று ஓட்டுபவன் முன்கூட்டியே பிரேக்கில் காலை வைக்கிறானா என்பதை எட்டில் பார்க்க முடியாது.

கார் தேர்வு இதைவிடக் கூத்து. நான் போனது டிரைவிங் ஸ்கூல் காரில், இரட்டைப் பெடல், அதாவது பயிற்சியாளர் பக்கமும் பெடல் உண்டு. பக்கத்தில் பயிற்சியாளர், பின்சீட்டில் அதிகாரி. "ஸ்டார்ட் பண்ணுங்க, செகண்ட் போடுங்க, ஓரங்கட்டுங்க." முந்நூறு அடிகூட இருக்காது. ஓட்டியது நானா, பயிற்சியாளரின் இடது காலா என்பது இன்றுவரை சந்தேகம். மூன்றாவது வாரம் திண்டிவனம் பக்கம் மழை இரவில் ஒரு லாரியை முந்தப் போனேன். எதிரே ஒற்றை விளக்கு. பைக் என்று நினைத்தேன், ஒரு கண் போன வேன்! எப்படி லாரிக்குப் பின்னால் திரும்பி வந்தேன் என்று தெரியாது. அப்போதும் லைசென்ஸ் பத்திரமாகச் சட்டைப்பையில்தான் இருந்தது.

சரி, அதற்காகத் தேர்வை எடுத்துவிடலாமா? டெல்லியில் பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. செந்தில் முல்லைநாதன் அதில் ஒருவர். லைசென்ஸ் எடுக்க வந்த 822 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சீக்கிரம் வாங்கினால் பரிசுப் பணம் என்று ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு இலவச ஓட்டுநர் பயிற்சி. மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கியவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் தேர்வுக்கே போகவில்லை, எல்லாம் புரோக்கர் கைங்கரியம். ஆய்வாளர்கள் தாங்களே வைத்த தேர்வில் 62 சதவீதம் பேருக்கு ஓட்டத் தெரியவில்லை. ஆக, நடக்காத தேர்வைப் பார்த்துத்தான் தேர்வால் பயனில்லை என்று பாதி நேரம் சொல்கிறோம்.

ஒழுங்காக நடந்தாலும் எதைக் கேட்கிறோம் என்பது மிச்சம் இருக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் வீடியோ காட்டி, ஆபத்து உருவாவதை எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறீர்கள் என்று மதிப்பெண் போடுகிறார்கள். நியூசிலாந்து 1987-லேயே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்க ஆரம்பித்தது. தேர்வில் பாஸானாலும் முதலில் கிடைப்பது கட்டுப்பாடுள்ள லைசென்ஸ். இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக்கூடாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு சுற்றக்கூடாது. புதிதாக ஓட்டுபவர்கள் அதிகம் அடிபடுவது ஆரம்ப மாதங்களில், குறிப்பாக இரவிலும் சகாக்களோடு போகும்போதும்தான் என்பதால் இந்த ஏற்பாடு. நம்மிடமோ 100 சிசி பைக்கில் எட்டு போட்டவன் மறுநாளே 650 சிசி வண்டியில் நள்ளிரவு பைபாஸில் போகலாம், சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

அரசு அதைச் செய்யும்வரை நீங்கள் வீட்டில் செய்யலாம். மகள் பாஸானதும் ஒரு மாதம் காலை ஆறு மணிக்குத் திருப்பூர் ரோட்டில் ஓட்டச் சொல்லி, பின்னால் நீங்கள் உட்காருங்கள். "அந்த டெம்போ இப்போ என்ன பண்ணும்?" என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். முதல் வாரம் எரிச்சல்படுவாள். அப்புறம் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்வாள். ஹெல்மெட் உங்களுக்கும்தான்.