எட்டு ஃபார்வர்டுகளை எப்படிப் பொறுக்குவது? திருமங்கலம் வாசகருக்கு ஒரு பதில்

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஆறேழு பேர், எல்லாரும் கபடி ஆடியவர்கள். ராத்திரி முழித்திருந்து ரக்பி பார்ப்போம். தென்னாப்பிரிக்கா அணியை அறிவித்ததுமே சண்டை ஆரம்பித்துவிடும். பெஞ்சில், அதாவது மாற்று ஆட்டக்காரர் எட்டுப் பேரில், ஏழு ஃபார்வர்டு வைப்பது கிறுக்குத்தனம் என்பான் ஒருத்தன், அதுதான் சரி என்பான் இன்னொருத்தன். எதை வைத்து முடிவு சொல்வது? அது போக, கல்லூரியில் பதினைந்து பேர் ரக்பி அணி ஒன்று ஆரம்பிக்கிறோம். எட்டு ஃபார்வர்டுகளை நான்தான் எடுக்க வேண்டும். நல்ல கனமான பசங்களாகப் பார்த்து எடுத்தால் போதுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. ஃபார்வர்டுகள் என்றால் முன்னால் மோதித் தள்ளுகிற 1 முதல் 8 வரை நம்பர்க்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பந்தோடு ஓடும் மீதி ஏழு பேர் பேக்ஸ். எடை வேண்டும்தான், ஆனால் எட்டுப் பேருக்கும் வேலை வேறு வேறு. உங்கள் சண்டை தீராததற்கும் இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. இவன் பெரிய ஆட்டக்காரனா அவன் பெரிய ஆட்டக்காரனா என்று ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் விடியும்வரை பேசலாம். தேர்வு செய்கிறவர் உட்கார்ந்து போடும் கணக்கு இப்படி இருக்கும்: ஸ்க்ரம்மில் (இரண்டு அணி ஃபார்வர்டுகளும் கோத்து நின்று தள்ளுவது) வலது பக்கத்தை யார் தாங்குவது, லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறிய, குதித்துப் பிடிப்பது) எத்தனை பேர் குதிப்பார்கள், ரக்குக்கு (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நடக்கும் தள்ளுமுள்ளு) முதலில் ஓடிப் போய்ச் சேர்வது யார், ஒரு மணி நேரம் ஆனபிறகு இதையெல்லாம் யார் செய்வது. இந்த நாலுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பெயர்கள் பாதி தானாக விழுந்துவிடும்.

முதலில் எழுத வேண்டிய பெயர் 3ஆம் நம்பர், டைட்ஹெட் ப்ராப், ஸ்க்ரம் முன்வரிசையில் வலது ஓரத்தில் நிற்பவர். பந்தே கையில் படாமல் ஒரு மேட்சை முடித்துவிட்டுப் போகிற ஆள், டிவியில் யாரும் அவரைக் கவனிப்பதில்லை. ஸ்க்ரம் கட்டும்போது எதிரணியின் லூஸ்ஹெட்டுக்கும் (இடது ஓர ப்ராப்) ஹூக்கருக்கும் (முன்வரிசையின் நடு ஆள்) நடுவில் இவர் தலை போய் மாட்டிக்கொள்ளும், இரண்டு தோளிலும் பாரம் ஏறும். 1ஆம் நம்பர் லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே இருப்பதால் அவருக்குக் கொஞ்சம் விளையாட இடம் உண்டு. 3 இடிந்தால் ஸ்க்ரம் மொத்தமும் சாயும், நடுவர் பெனால்டிக்குக் கை தூக்குவார், எதிரணி அதைக் கம்பத்துக்கு உதைத்தால் மூன்று புள்ளி போகும். 2019 உலகக் கோப்பையின் யோகோஹாமா இறுதிப் போட்டி நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியே போனார். பெஞ்சிலிருந்து வந்த டான் கோல் கிட்டத்தட்ட முழு ஆட்டமும் ஆட வேண்டி வந்தது, எதிரே தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட் 'பீஸ்ட்' எம்டவாரிரா. ஸ்க்ரம் பெனால்டிகள் வரிசையாக விழுந்தன, 32-12 என்று தென்னாப்பிரிக்கா கோப்பையைத் தூக்கியது. கோல் மோசமான ஆட்டக்காரர் இல்லை, நீண்ட அனுபவம் உள்ளவர். ஆனால் கடைசி இருபது நிமிடத்துக்கு என்று எடுத்த ஆளை எழுபத்தேழு நிமிடம் தாங்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மேட்ச் சாட்சி.

அப்புறம் 2ஆம் நம்பர் ஹூக்கர். இவர் ஸ்க்ரம்மில் நடுவில் நிற்கிறார், லைன்அவுட்டில் பந்தை எறிகிறார். எறிகிற வேலையை எல்லாரும் லேசாக நினைக்கிறார்கள், அங்கேதான் அணிகள் மாட்டிக்கொள்கின்றன.

2023 உலகக் கோப்பையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவின் முதல்தர ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் தொடர் ஆரம்பித்த கொஞ்ச நாளில் முழங்காலில் காயம்பட்டு விலகினார். பதிலுக்கு இன்னொரு ஹூக்கரைக் கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அவர்கள் கூப்பிட்டது ஹான்ட்ரே பொல்லார்டை, அதாவது ஒரு ஃப்ளை-ஹாஃபை, ஆட்டத்தை நடத்தும் 10ஆம் நம்பர் பேக்கை. ஹூக்கர் இடத்துக்கு மாற்றாக டியோன் ஃபூரியை வைத்துக்கொண்டார்கள், அவர் அப்போது பெரும்பாலும் ஃபிளாங்கராக, அதாவது ஸ்க்ரம்மின் பின்வரிசை ஓரத்தில், ஆடுகிறவர். இறுதிப் போட்டி நம் நேரப்படி அக்டோபர் 29 நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே அவர்களின் ஹூக்கர் போங்கி எம்போனாம்பி முழங்காலில் அடிபட்டு வெளியே போனார், ஃபூரி மீதி ஆட்டம் முழுவதும் ஹூக்கராக நிற்க வேண்டியதாயிற்று. லைன்அவுட் தடுமாறியது. "சொன்னோமே, ஹூக்கரை எடுத்திருக்கணும்" என்றவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளியும் பொல்லார்டின் கால் போட்டது, நியூசிலாந்து 11. எதிர்த்தவர் சொன்னதும் சரி, ஆதரித்தவர் சொன்னதும் சரி. ஒரு தேர்வுக்கு விலையும் உண்டு, வரவும் உண்டு. இரண்டையும் ஒரே மேட்சில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

லாக்குகள், ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசையில் நிற்கும் 4உம் 5உம், பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயரம், பின்னாலிருந்து தள்ளும் பலம், ஒருவருக்காவது லைன்அவுட்டை நடத்தும் மூளை.

பின்வரிசை மூவர்தான், 6, 7, 8, உங்களை மாதிரி ஆட்களைச் சண்டை போட வைப்பவர்கள். மூன்று பேரையும் தனித்தனியாக எடுக்காதீர்கள், ஒரு கட்டாகப் பாருங்கள். தரையில் விழுந்தவனிடமிருந்து பந்தைப் பறிக்க ஒருவர், பந்தைத் தூக்கிக்கொண்டு மோத ஒருவர், லைன்அவுட்டில் மூன்றாவதாகக் குதிக்க ஒருவர். இந்த மூன்றாவது ஆளைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். குதிப்பவர் இரண்டே லாக் என்றால் எதிரணிக்கு வேலை சுலபம், இரண்டு பேரைக் குறிவைத்தால் போதும். 2015 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா டேவிட் போகாக், மைக்கேல் ஹூப்பர் என்று பறிப்பதில் கெட்டிக்காரர்கள் இருவரை ஒன்றாக இறக்கியது, இரண்டு பேரும் லைன்அவுட்டுக்கு உயரம் போதாதவர்கள். அது ஓடியதற்குக் காரணம் 6ஆம் நம்பரில் உயரமான ஸ்காட் ஃபார்டி இருந்தது. இறுதிவரை போனார்கள், அங்கே நியூசிலாந்திடம் 34-17 என்று தோற்றார்கள். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட்டுக்கு அவ்வளவு மதிப்பு ஏன் என்றால் அவர் லாக்காக வளர்ந்தவர், ஃபிளாங்கரில் நிற்கும்போதும் குதிப்பார், 2023 இறுதிப் போட்டியில் 28 டேக்கிள் (பந்தோடு வருகிறவனைப் பிடித்துச் சாய்ப்பது) வேறு. இன்னொன்று, நம்பரைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: மற்ற பல நாடுகளில் பந்து பறிக்கும் ஓபன்சைடு ஃபிளாங்கருக்கு 7, தென்னாப்பிரிக்காவில் அது 6. கொலிசி 6, டு டாய்ட் 7 என்று போட்டிருப்பது அதனால்தான்.

சரி, பெஞ்ச். ஏழுக்கு ஒன்று (ஏழு ஃபார்வர்டு, ஒரு பேக்), ஆறுக்கு இரண்டு என்று சொல்லும்போது விதியைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். சர்வதேச ஆட்டத்தில் 23 பேர் அணியில் ஆறு பேராவது முன்வரிசையில் நிற்கப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும், அதாவது பெஞ்சின் எட்டில் மூன்று இடம் ஏற்கெனவே போய்விட்டது. மீதி ஐந்தில்தான் பயிற்சியாளருக்குச் சுதந்திரம். பழைய வழக்கப்படி அதில் இரண்டு ஃபார்வர்டு, மூன்று பேக். ஆறுக்கு இரண்டு என்றால் மூன்றும் இரண்டும். ஏழுக்கு ஒன்று என்றால் நாலும் ஒன்றும். ஆக பழைய வழக்கத்துக்கும் அந்தக் "கிறுக்குத்தனத்துக்கும்" இடையே இருப்பது இரண்டே ஆள்.

ஏழுக்கு ஒன்றை ஆதரிப்பவர்கள் 2023 ஆகஸ்டில் ட்விக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 35-7 என்று நொறுக்கியதைக் காட்டுவார்கள். அன்றைக்கு அது திட்டமே இல்லை, பேக் வில்லி லெ ரூ கடைசி நேரத்தில் விலகியதால் ஃபார்வர்டு குவாகா ஸ்மித்தைப் பெஞ்சில் சேர்த்தார்கள். அதோடு, ஸ்காட் பாரெட் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் நியூசிலாந்து பாதி ஆட்டத்தைப் பதினாலு பேரோடு ஆடியது, இதை யாரும் சொல்வதில்லை. எதிர்ப்பவர்கள் அடுத்த மாதமே அயர்லாந்திடம் 13-8 என்று தோற்றதைக் காட்டுவார்கள். அங்கே தோற்றதற்குப் பெஞ்சைக் குறை சொல்ல முடியாது, கம்பத்துக்கு அடித்த உதைகள் அடுத்தடுத்து வெளியே போயின. முடிவை வைத்துத் தேர்வை எடைபோட்டால் இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுக்கலாம்.

என் கட்சி என்ன என்று கேட்டால்: பேக்ஸ் வரிசையில் நாலு இடம் தெரிந்த ஒருவரும், ஃபார்வர்டுகளில் பின்னால் பேக்ஸ் இடத்தில் போய் நிற்கக்கூடிய ஒருவரும் இருந்தால் மட்டும் ஏழுக்கு ஒன்று. குவாகா ஸ்மித் எழுவர் ரக்பியில் வளர்ந்தவர், ஓட்டம் தெரியும். 2025 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராகப் பிரான்சும் பெஞ்சில் ஏழு ஃபார்வர்டோடு போனது. முதல் பாதியிலேயே ஸ்க்ரம்-ஹாஃப் (ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் பேக்) அன்டுவான் டுபோன் முழங்கால் போய் வெளியே வந்தார், பெஞ்சிலிருந்த ஒரே பேக் லுகு உள்ளே போனார். அப்புறம் ஒரு சென்டரும் (பேக்ஸ் வரிசையின் நடுவில் நிற்பவர்) விழ, ஃபிளாங்கரான ஆஸ்கர் ஜெகூ சென்டரில் நின்றார். எதைச் சொல்லிப் பயமுறுத்துவார்களோ அது அப்படியே நடந்தது, பிரான்ஸ் 42-27 என்று ஜெயித்தது. ஜெகூ மாதிரி ஆள் கையில் இல்லாத அணி இதைப் பார்த்துக் காப்பியடித்தால் மாட்டிக்கொள்ளும். 2023 இறுதியில் தென்னாப்பிரிக்காவுக்குப் பெஞ்சில் மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் கிடையாது, ஃபாஃப் டி கிளெர்க் எண்பது நிமிடமும் தாங்கினார். அவருக்குப் பத்தாவது நிமிடத்தில் கணுக்கால் பிசகியிருந்தால் இன்றைக்கு நாம் பேசுவதே வேறாக இருந்திருக்கும்.

இனி உங்கள் கல்லூரி அணி. கழுத்துப் பயிற்சி, முதுகை நேராக வைத்துத் தள்ளும் பழக்கம் எதுவும் இல்லாத பையனை 95 கிலோ இருக்கிறான் என்பதற்காக முன்வரிசையில் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. ஸ்க்ரம் சரிந்தால் அடி விழுவது கழுத்தில். ஆரம்ப மாதங்களில் எதிரணியோடும் நடுவரோடும் பேசி, தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம் வைத்துக்கொள்ளுங்கள். 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது என்று விதி இருக்கிறது, முதலாண்டுப் பையன்கள் பாதிப் பேர் அந்த வயதுதான். தள்ளுதல் இல்லை என்றால் எடைக்கு இருக்கும் மதிப்பும் குறைந்துவிடும், முன்வரிசைக்குக் கூட விழுந்ததும் சட்டென்று எழுகிற பையன்களை எடுக்கலாம்.

கபடிப் பையன்கள் உங்களுக்குப் பெரிய சொத்து. கார்னரில் நின்று பழகியவனுக்கு ஃபிளாங்கர், 6 அல்லது 7. எப்போது பாய வேண்டும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும், அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வருடக்கணக்காகும். ஆனால் இரண்டு பழக்கத்தை மாற்றியாக வேண்டும். கபடியில் பிடித்தால் விடக் கூடாது. ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்ததும் உடனே விட வேண்டும், விட்டு உருண்டு விலக வேண்டும், இல்லையென்றால் பெனால்டி. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஊர்த்திருவிழாக் கபடியில் விடாப்பிடிக்குக் கைதட்டு வாங்கிய பையன் முதல் பயிற்சி ஆட்டத்தில் பெனால்டியாகக் கொட்டிக்கொண்டிருப்பான், திட்டாதீர்கள். இரண்டாவது, கணுக்காலுக்குப் பாயும்போது தலை ஓடுகிறவனின் முழங்காலுக்கு முன்னால் போகக் கூடாது. தலை எப்போதும் பக்கவாட்டில் அல்லது பின்பக்கத்தில், தோள்தான் முதலில் பட வேண்டும். இதை மெதுவாக, நடக்கிற வேகத்தில் பழக்கிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள். கட்டாந்தரையில் டேக்கிள் பயிற்சி வேண்டாம், புல்லோ மணலோ தேடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் நாலு மணிப் பயிற்சியும் வேண்டாம், ஃபார்வர்டுகள்தான் முதலில் சுருண்டு விழுவார்கள்.

ஹூக்கரை எடுக்கக் கடைசிவரை காத்திருக்காமல் முதல் வாரமே எல்லாரையும் பந்து எறியச் சொல்லிப் பாருங்கள். எட்டு மீட்டர் தள்ளி, தூக்கிப் பிடித்த கைக்கு, நேராக, திரும்பத் திரும்ப எறிகிறவன் குட்டையாக இருந்தாலும் அவனை 2ஆம் நம்பருக்கு வளர்க்கலாம். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிகிறவன் நன்றாக எறிவான் என்று நம்பாதீர்கள், இங்கே இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து எறிவதுதான் வழக்கம்.

இன்னொரு விஷயம், நம் நாட்டில் நீங்கள் பார்க்கப்போகும் போட்டிகளில் பல எழுவர் ஆட்டம். 2025இல் சென்னை புல்ஸ் ஜெயித்த ரக்பி பிரீமியர் லீக்கும் அதுதான், ஆசிய விளையாட்டும் ஒலிம்பிக்கும் அதுதான். அங்கே ஃபார்வர்டு மூன்றே பேர், லாக் கிடையாது, கனமான ப்ராப்புக்கு வழக்கமான ஏழு நிமிடப் பாதியே மூச்சு முட்டும். ஆகவே எட்டுப் பேரை எடுக்கும்போதே அதில் எந்த மூவர் எழுவர் ஆட்டத்துக்கும் ஓடுவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர்கள் உங்கள் ஃபிளாங்கர்களாகவும் ஹூக்கராகவும் இருப்பார்கள்.