லயம் எந்த மொழிச் சொல்?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் 'லயம்', குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்த சொல் என்கிறார்களே, சரியா?
- வாசகி, ஹட்டன்

பதில்: பிழை. ஆங்கில 'லைன்'தான் நம் வாயில் லயனாகி, லயமும் ஆனது. வெள்ளைக்காரப் படையில் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கட்டிய குடில்களை 'லைன்ஸ்' என்பார்கள். தோட்டத்துத் துரைமார் அதே பெயரை இங்கேயும் வைத்தார்கள். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், அடுத்தடுத்துக் காம்பரா. வட இந்திய நகரங்களில் 'சிவில் லைன்ஸ்' என்றால் அதிகாரிகளின் பங்களாக்கள் இருக்கும் பகுதி. அதே சொல் அங்கே பங்களாவுக்கு, இங்கே ஒற்றைக் காம்பராவுக்கு. வேதனைதான்.

கேள்வி: ஓ.எல். படிக்கும் மகன் 'ஹோல்ட் த லைன்' என்பதைக் 'கோட்டைப் பிடி' என்று எழுதிப் புள்ளியை இழந்தான். இந்தச் சொல்லை எப்படிப் படிப்பது?
- வாசகர், பண்டாரவளை

பதில்: கோட்டிலிருந்து தொடங்காமல் நூலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஆளிச் செடியின் நாரில் முறுக்கிய நூலுக்கு இலத்தீனில் 'லீனியா' என்று பெயர். நூல் கயிறானது, கோடானது, வரிசையானது, கம்பியானது. துணி காயப்போடும் கொடியும் லைன், தூண்டில் நூலும் லைன், 1924இல் பதுளையை எட்டிய ரயில் பாதையும் மெயின் லைன். தொலைபேசியில் 'ஹோல்ட் த லைன்' என்றால், வைத்துவிடாமல் காத்திருங்கள் என்று பொருள். போர்ச் செய்தியில் அதுவே, இடத்தை விட்டுக்கொடாதே என்றாகும்.

அதிகம் தடுக்குவது 'லைன்ட்'. தாளோடு வந்தால் கோடு போட்டது, முகத்தோடு வந்தால் சுருக்கம் விழுந்தது, 'கோட்' என்ற மேற்சட்டையோடு வந்தால் உள்துணி வைத்துத் தைத்தது. லினன் துணியை உள்ளே வைத்துத் தைத்த வழக்கத்தில் வந்த பொருள் அது. கேக் தட்டில் தாள் விரிப்பதும் அந்த வழியில்தான்.

தோட்டத்தில் 'லைனிங்' என்றால், கன்று நடுமுன் கயிறு பிடித்துக் குச்சி அடிப்பது. நிரைக்கு நிரை 4 அடி, கன்றுக்குக் கன்று 2 அடி விடுவது வழக்கம். சரிவில் நிரையை மேலிருந்து கீழாகப் பிடித்தால் மழை மண்ணை வாரிப்போய்விடும். அதனால் மலையைச் சுற்றியே பிடிப்பார்கள். அந்த லைன் வளைந்துதான் போகும்.

கூட வரும் சின்னச் சொல்லையும் சேர்த்தே கொப்பியில் எழுதட்டும். 'இன் லைன் வித்' என்றால் இணங்க, 'ஆன் த லைன்' என்றால் பணயத்தில், 'அவுட் ஒஃப் லைன்' என்றால் வரம்பு மீறி.