கேள்வி நேரம்: சிகரெட் துண்டுகளும் 133 அடியும்

இலக்கியத் தலங்களையும் விசித்திரமான அருங்காட்சியகங்களையும் பற்றிச் சென்ற இதழில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்துவிட்டுக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் நான்கிற்கு இங்கே விடை தருகிறேன்.

நீங்கள் பார்த்தவற்றுள் மிகவும் விசித்திரமான அருங்காட்சியகம் எது? (வாசகர், நாகர்கோவில்)

தயக்கமில்லாமல் சொல்வேன்: இஸ்தான்புல்லில் துருக்கி நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக் 2012-இல் திறந்த 'கபடமின்மையின் அருங்காட்சியகம்'. இதே பெயரில் 2008-இல் அவர் எழுதிய நாவலின் காதலன், தன் காதலி தொட்ட பொருள்களையெல்லாம் ஒன்றுவிடாமல் திரட்டி வைக்கிறான். அந்தக் கற்பனைச் சேகரிப்புக்குப் பழைய வீடு ஒன்றைப் பிடித்து மெய்யான கண்ணாடிப் பெட்டிகளை அமைத்துவிட்டார் ஆசிரியர். நாவலில் 83 அத்தியாயங்கள் உள்ளன. அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பெட்டிகளும் 83. உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுவதும் அவள் புகைத்துப் போட்ட 4,213 சிகரெட் துண்டுகள், பூச்சி சேகரிப்பவர்கள் வண்ணத்துப்பூச்சியை ஊசியில் குத்தி வைப்பதுபோல வரிசையாக நிற்கின்றன. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒன்று நசுங்கியிருக்கிறது, இன்னொன்று பாதியிலேயே அணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்தில் ஒரு சிறு குறிப்பு. பிறந்தே இராத ஒருத்தியின் எச்சம் என்று அறிவுக்குத் தெரிந்தும், அந்தச் சுவரைவிட்டு நகர எனக்கு நெடுநேரம் ஆயிற்று. நாவலின் கடைசிப் பக்கங்களில் நுழைவுச்சீட்டு ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனால் அதன்மேல் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுகிறார்கள். படிக்காமல் போகிறவர்களுக்கு அது பழைய சாமான் கடையாகத்தான் தோன்றும்.

நூலையே கட்டடமாக்கிய அப்படியோர் இடம் நம் பக்கத்தில் உண்டா? (வாசகி, கன்னியாகுமரி)

உங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியக்கூடும். திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களும் 133 என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பீடம் தனியாக 38 அடி, அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38; பொருட்பாலின் 70-ஐயும் இன்பத்துப்பாலின் 25-ஐயும் கூட்டினால் 95. பொருளும் இன்பமும் அறத்தின்மேல் நிற்க வேண்டும் என்பதைக் கணபதி ஸ்தபதி கல்லில் அளந்து வைத்திருக்கிறார். சிலை திறக்கப்பட்டது 2000 ஜனவரி 1-இல். கடல் கொந்தளித்தால் முன்பெல்லாம் விவேகானந்தர் பாறையோடு படகு திரும்பிவிடும். 2024 டிசம்பர் இறுதியில் அந்தப் பாறையையும் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் குறை தீர்ந்தது. பாலத்தில் நின்று காலுக்குக் கீழே அலையைப் படமெடுப்பவர்களில் எத்தனை பேர் பீடத்தை ஏறெடுத்துப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சுந்தர ராமசாமி எழுதிய அந்தப் புளியமரம் நின்ற இடத்தில் நினைவுச் சின்னம் வைத்தால் என்ன? (வாசகர், இரணியல்)

வேண்டாம் என்பது என் கருத்து. 1966-இல் நூலாக வந்த 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலே ஒரு மரம் அழிந்துபோன கதை. அழிந்ததற்குச் சிமென்டில் மரம் செய்து வைத்தால் கதை கெட்டுவிடும். மேலும், மரத்துக்கு நினைவுச் சின்னம் வைப்பதை நம்மவர்கள் நெடுங்காலமாகவே செய்துவருகிறார்கள். நாகர்கோவிலில் பேருந்து நடத்துநர் "வேப்பமூடு" என்று கூவும்போது, நம் பக்கத்துப் பேச்சில் 'மூடு' என்பது மரத்தின் அடி என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரும் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலுக்குள் தெருவும் பேச்சுமாக அப்படியே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது இரணியல் தெருக்களில் நடந்தால் போதும்.

ஒரு நாள்தான் விடுமுறை. எங்கே போகலாம்? (வாசகி, மார்த்தாண்டம்)

காலை வெயில் ஏறுமுன் சிதறால் மலைக்குப் போய்விடுங்கள். பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அருகில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளுக்கு முன் சற்று உட்காருங்கள். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வெழுத்துகளைப் படிக்க நமக்குத் தெரியாவிட்டாலும், சமணப் பெண்துறவியர் இங்கே வாழ்ந்து கொடை அளித்த செய்தி அவற்றில்தான் இருக்கிறது. வழியில் அதங்கோடு வரும். தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்ட அதங்கோட்டாசான் இவ்வூரார்தான் என்று ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். அறிஞர்கள் எல்லாரும் ஒப்புவதில்லை. பிற்பகலில் பத்மநாபபுரம் அரண்மனை. 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின்னும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே இருப்பதால், தக்கலைக்காரரும் கேரள அரசின் சீட்டைத்தான் வாங்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை எடுத்துவிடாதீர்கள். அன்று அரண்மனை திறக்காது.