விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில் உபுண்டுவையும் போட்டிருந்தேன். இப்போது உபுண்டுவை மட்டும் எப்படி நீக்குவது?

உபுண்டு பார்டிஷனை (டிஸ்கில் அதற்கென்று பிரித்த பகுதியை) அழித்தால் வேலை முடிந்தது என்று சொல்பவர்கள்தான் அதிகம். அப்படி அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் 'க்ரப்>' என்று ஒரு வரி வந்து நிற்கும். க்ரப் என்பது விண்டோஸா உபுண்டுவா என்று மெனு காட்டித் தொடங்கி வைக்கும் உபுண்டுவின் புரோகிராம். அது இரண்டு இடத்தில் இருப்பதுதான் காரணம். தொடக்கி வைக்கும் சின்ன ஃபைல் இஎஃப்ஐ பார்டிஷனில் (விண்டோஸ், உபுண்டு இரண்டின் பூட் ஃபைல்களும் இருக்கும் சின்னப் பகுதியில்) இருக்கிறது. மெனுவும் மற்ற ஃபைல்களும் உபுண்டு பார்டிஷனில் இருக்கின்றன. பின்னதை அழித்தால் முன்னது தேடிப் பார்த்துவிட்டு விழிக்கும். அதனால் முதலில் பூட் வரிசை, பிறகு பார்டிஷன், கடைசியில் இஎஃப்ஐ சுத்தம்.

உங்களுடையது விண்டோஸோடு வந்த லேப்டாப், பிறகு சி டிரைவைச் சுருக்கி உபுண்டு போட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 11 என்பதால் பூட் ஆவது பெரும்பாலும் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறைதான்.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை. உபுண்டுவுக்குள் போய் ஹோம் ஃபோல்டரில் வேண்டியதைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட்4 வகைப் பார்டிஷனை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் காட்டாது. அடுத்து பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. நீங்கள் ஆன் செய்யாவிட்டாலும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் அது ஓடிக்கொண்டிருக்கலாம். பூட் வரிசையை மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்க வாய்ப்புண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைப் பார்த்துப் பேப்பரில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் நோட்பேடில் அல்ல.

இனி பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்ஸ் திரை. ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் கீ, எச்பி என்றால் எஃப்10. பூட் ஆர்டரில் 'உபுண்டு' மேலே இருக்கும். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை அதற்கு மேல் ஏற்றி சேவ் செய்யுங்கள். க்ரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் வந்தால் மட்டுமே அடுத்ததற்குப் போங்கள்.

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட். இடப்பக்கம் 100 அல்லது 260 எம்பியில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன்', பிறகு சி டிரைவ், எங்காவது ஒரு 'ரெக்கவரி பார்டிஷன்'. இவை மூன்றையும் தொடாதீர்கள். டிரைவ் எழுத்தும் இல்லாமல், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பார்டிஷன் வகை) என்றும் எழுதாமல் நிற்பதுதான் லினக்ஸ், அதாவது உங்கள் உபுண்டு. அளவை வைத்து உறுதி செய்யும்போது ஒரு குழப்பம் வரும்: உபுண்டுவின் 'டிஸ்க்ஸ்' ஆப்பில் 100 ஜிபி என்று இருப்பது விண்டோஸில் 93 என்று தெரியும். இரண்டும் ஒன்றுதான், கணக்கிடும் முறைதான் வேறு. ரைட் கிளிக், டெலீட் வால்யூம். ஸ்வாப் (ராமுக்குத் துணையாக உபுண்டு வைத்துக்கொள்ளும் இடம்) தனியாக இருந்தால் அதையும் அழியுங்கள். இஎஃப்ஐ-யை இங்கே அழிக்க விடாது. 'டிஸ்க்பார்ட்டில் ஓவர்ரைடு போட்டு அழியுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விண்டோஸும் சேர்ந்து போய்விடும்.

காலியான இடம் சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டி இருந்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' வேலை செய்யும். நடுவில் ரெக்கவரி பார்டிஷன் நின்றால் அந்த மெனு மங்கலாகத்தான் இருக்கும். ஜிபார்ட்டட் என்ற பார்டிஷன் டூல் மூலம் ரெக்கவரியை நகர்த்தலாம் என்பது எனக்கும் தெரியும், கமென்டில் வந்து சொல்ல வேண்டாம். நகர்த்தும்போது கரண்ட் போனால் யார் பொறுப்பு? அந்த இடத்தில் புதிதாக ஒரு இ டிரைவ் போட்டுக்கொள்வதே மேல்.

இஎஃப்ஐ சுத்தத்துக்கு கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறங்கள். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'மவுண்ட்வால் எஸ்: /எஸ்' என்றால் இஎஃப்ஐ பார்டிஷன் எஸ் டிரைவாக வரும். 'டிர் எஸ்:\இஎஃப்ஐ' கொடுத்தால் பூட், மைக்ரோசாஃப்ட், உபுண்டு, சிலவற்றில் லேப்டாப் கம்பெனி பெயரிலும் ஒரு ஃபோல்டர் தெரியும். 'ஆர்டி /எஸ் எஸ்:\இஎஃப்ஐ\உபுண்டு' என்று அந்த ஒன்றை மட்டும் அழியுங்கள். கூடவே '/க்யூ' போடாதீர்கள். போடாவிட்டால் ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கும். முடிந்ததும் 'மவுண்ட்வால் எஸ்: /டி'.

பயாஸ் பட்டியலில் உபுண்டு பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் 'பிசிடிஎடிட் /இஎன்யுஎம் ஃபர்ம்வேர்'. டிஸ்கிரிப்ஷனில் உபுண்டு என்று இருக்கும் பகுதியின் ஐடென்டிஃபையரை நெளிவு அடைப்போடு காப்பி செய்து 'பிசிடிஎடிட் /டெலீட்' பக்கத்தில் ஒட்டுங்கள். பவர்ஷெல்லில் செய்தால் அந்த அடைப்பை மேற்கோளுக்குள் போட வேண்டும், இல்லையேல் எரர்தான் வரும். எம்எஸ்கான்ஃபிக் போய் பூட் டேபில் டெலீட் செய்யச் சொல்லும் வீடியோக்கள் இரண்டு விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கானவை. யூஇஎஃப்ஐ-யில் போட்ட உபுண்டு அங்கே தெரியவே தெரியாது.

யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய லெகஸி பயாஸ் முறை என்றால் கதை வேறு: விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் வழியாக 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்'. யூஇஎஃப்ஐ-யில் இதனால் பயனில்லை.

ஏற்கெனவே அழித்துவிட்டு 'க்ரப்>' முன்னால் உட்கார்ந்திருந்தால் 'எக்ஸிட்' என்று தட்டுங்கள். விண்டோஸ் வரவில்லையா, எஃப்12 அல்லது எஃப்9-ல் பூட் மெனுவைத் திறந்து விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். இதற்காகக் கடைக்குத் தூக்கிப் போனால் 'விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மேட் பண்ணணும்' என்று சொல்லி, டேட்டாவையும் அழித்துக் காசும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருந்தால் பயப்பட வேண்டாம், உபுண்டு யூடிசி எனும் உலகப் பொது நேரத்தை எழுதி வைத்துப் போயிருக்கும். டேட் அண்டு டைமில் 'சிங்க் நவ்' போதும்.

கடைசியாக, உபுண்டுவை நீக்க நினைத்ததே 'ஷிம் எஸ்பாட்' என்று ஏதோ எரர் வந்து அது திறக்காததால் என்றால், நீக்கவே தேவையில்லை. ஆகஸ்ட் 2024 விண்டோஸ் அப்டேட் பலருடைய டூயல் பூட்டை (ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ்) இப்படித்தான் முடக்கியது. பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) ஆஃப் செய்து உபுண்டுவுக்குள் போய், டெர்மினலில் 'சூடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பாட்-பாலிசி டெலீட்' கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்து ஒருமுறை மீண்டும் உபுண்டுவுக்குள் போய்விட்டு, உபுண்டுவை அப்டேட் செய்தபின் செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். செக்யூர் பூட்டைத் தொடும்போதும் பிட்லாக்கர் அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம்.