பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பு: பாடப்பட்டியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் பொதுச் சுகாதாரத்தில் மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பு தொடங்குகிறோம். முதுநிலைப் பாடத்திட்டங்களைப் பார்த்துப் பட்டியல் தயாரித்திருக்கிறோம். உடற்கூறியலில் ஆரம்பித்து, ஆறாவது செமஸ்டரில் களப்பணியோடு முடிகிறது. இது சரியாக இருக்குமா?

பதில்: பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் மாணவர் படித்து முடித்து வேலையில் சேர்ந்த முதல் மாதம் என்ன செய்வார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வயிற்றுப்போக்கு பரவும் இடத்தில் வீடு வீடாக விசாரிப்பார், தண்ணீர் மாதிரி எடுப்பார், தடுப்பூசிப் பதிவேட்டில் விடுபட்டவர்களைத் தேடுவார், அறிக்கை எழுதுவார். ஒவ்வொரு பாடமும் இவற்றில் எதற்காவது உதவ வேண்டும். உதவாததை எடுத்துவிடலாம்.

நோய்ப்பரவலியல் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்பது), உயிரிப்புள்ளியியல் (உடல்நலத் தரவுகளுக்கான புள்ளியியல்), சுற்றுச்சூழல் சுகாதாரம், கொள்கையும் நிர்வாகமும், சமூக-நடத்தை அறிவியல் ஆகிய ஐந்தும் எப்படியும் வந்துவிடும். உடற்கூறியலுக்குத் தனித்தாள் வேண்டாம். உடலும் நோயும் என்று ஒரே தாள் போதும். முதுநிலைக்கு வருகிறவர் ஏற்கெனவே ஏதோ ஒரு துறையில் கால் ஊன்றியவர். உங்களிடம் வருகிறவர் பள்ளியிலிருந்து நேரே வருகிறார், அதனால் அந்தப் பாடத்திட்டத்தைச் சுருக்கிக் கொடுப்பது அவருக்கு உதவாது.

நான் அதிகம் கவலைப்படுவது எண்களைப் பற்றித்தான். 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறப்புகளைக் குறித்துப் போட்ட வரைபடத்தை எல்லா வகுப்பிலும் காட்டுகிறார்கள். அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஆதரவற்றோர் இல்லம் இருந்தது. அங்கே காலராவில் 5 பேர் இறந்தார்கள் என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லுங்கள். "மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று யாராவது கேட்கும்வரை பொறுத்திருங்கள். 535 பேர். சுற்றியிருந்த வீடுகளைவிட மிகக் குறைவான பாதிப்பு. ஏன் என்று அவர்களே தோண்டட்டும்; காலராவைப் பரப்பியது தெருவின் பொதுப் பம்புத் தண்ணீர், இல்லத்துக்கோ சொந்தக் கிணறு இருந்தது என்பது அப்புறம் வரட்டும். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கும் பழக்கம் முதல் செமஸ்டரிலேயே வந்துவிட்டால், பின்னால் விகிதம், ஒப்பீட்டு ஆபத்து (ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவைவிட எத்தனை மடங்கு ஆபத்து என்பது) எல்லாம் மிரட்டாது.

களப்பணியைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் உங்கள் திட்டத்தின் பெரிய குறை. முதல் செமஸ்டரிலிருந்தே வாரத்தில் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், மூன்று ஆண்டும் ஒரே குடியிருப்புக்குப் போகட்டும். முதலில் வரைபடம் போட்டு வீடுகளை எண்ணுவார்கள். அப்புறம் கேள்வித்தாள் தயாரிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே கதவைத் தட்டும்போது, போன வருடம் கேட்டதை வைத்து என்ன செய்தீர்கள் என்று அந்த வீட்டுக்காரர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை எந்த வகுப்பறையும் கற்றுத்தராது. எனவே முடிவுகளை அந்த மக்களிடமே எளிய மொழியில் சொல்வதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

ஒரு குழுவுக்குப் பத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், கூடவே ஓர் ஆசிரியர் போக வேண்டும். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், குடியிருப்பு மக்களின் சம்மதம் இரண்டையும் சேர்க்கை தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். பாடப்பட்டியலை அதற்குப் பிறகு இறுதி செய்தாலும் நேரம் இருக்கும்.