ரங்கூன் கணினியில் மட்டும் 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' பிழை

நன்கொடை ரசீதுக்குப் பெயர்களைச் சரிசெய்யும் உங்கள் பைத்தான் (நிரல்மொழி) ஸ்கிரிப்ட் வீட்டில் ஓடுகிறது, ரங்கூனில் மட்டும் பிழை தருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் தவறில்லை. ரங்கூன் கோயில் அலுவலகக் கணினியில் இருக்கும் பைத்தான் பழையது. பெயருக்கு முன்னால் வரும் 'ஊ', 'டோ' என்ற பர்மிய மரியாதைச் சொற்களை நீக்க நீங்கள் போட்ட ரிமூவ்பிரிஃபிக்ஸ் (முன்னொட்டை நீக்கும் கட்டளை), 2020 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.9-இல்தான் சேர்ந்தது. அதனால்தான் வீட்டு லேப்டாப்பில் ஓடுவது அங்கே 'அட்ரிபியூட் எரர்', அதாவது 'அப்படியொரு கட்டளை இல்லை' என்ற பிழை, தருகிறது. அங்கே இருக்கும் இயங்குதளம் உபுண்டு 20.04 என்றால், அதோடு வருவது பைத்தான் 3.8.

உறுதி செய்ய, ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே சிஸ்.வெர்ஷன் (பைத்தானின் பதிப்பு), சிஸ்.எக்ஸிகியூட்டபிள் (அது இருக்கும் இடம்) இரண்டையும் பிரின்ட் செய்து பாருங்கள். டெர்மினலில் பார்த்தால் போதாது. ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான், வேறொரு பைத்தானை எடுத்து ஓட்டலாம்.

3.8 என்று வந்தால், பெயர் அந்த முன்னொட்டில் தொடங்குகிறதா என்று ஸ்டார்ட்ஸ்வித் வைத்துச் சோதித்து, முன்னொட்டின் நீளத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். தயவுசெய்து, முன்னாலிருந்து எழுத்துகளை நீக்கும் எல்ஸ்ட்ரிப் கட்டளை வேண்டாம். அது சொல்லைப் பார்க்காது, எழுத்துகளைத்தான் பார்க்கும். ஆங்கில எழுத்தில் இருக்கும் பட்டியலில் 'ஊ உதயகுமார்' வந்தால், இரண்டும் 'U' என்ற ஒரே எழுத்தில் தொடங்குவதால் அவர் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்து போய்விடும். நன்கொடை ரசீதில் ஒருவர் பெயர் அப்படிச் சிதையக் கூடாது.

அப்புறம், புதிய பைத்தான் போடுவதானால் பழையதை நீக்காதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் அதை நம்பியிருக்கின்றன. புதியதைத் தனியாக நிறுவி, வென்வ் (மற்றவற்றோடு கலக்காத தனிச் சூழல்) ஒன்றுக்குள் ஓட்டுங்கள்.